பேட்டரியில் ஓடும் சிறு படகு: யாருக்குக் கட்டுப்படியாகும், யாருக்கு ஆகாது?

பழவேற்காடு ஏரிக்கரையை ஒட்டி இறால் குட்டை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். 'இரண்டரை ஏக்கர் குட்டை. நாளைக்கு 4 முறை தீவனம் போடவேண்டும். ஆள் வைத்துக் கழி ஊன்றித் தள்ளினால் நேரம் ஆகிறது, ஆளும் கிடைப்பதில்லை. பெட்ரோல் எஞ்சின் வைத்தால் எண்ணெய் தண்ணீரில் படிகிறது. பேட்டரி மோட்டார் வைத்த சிறு படகை நாமே செய்துகொள்ள முடியுமா? செலவு கட்டுப்படியாகுமா?' இதுதான் கேள்வி. இதே கேள்வியை ஏரிக்குள் வலை போடப் போகிறவர்களும், பண்ணைக்குட்டையில் மீன் வளர்க்கும் விவசாயிகளும் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

சுருக்கமான பதில் இதுதான். போகும் தூரம் குறைவு, வேகம் தேவையில்லை, தினமும் ஒரே இடத்துக்குத் திரும்பி வருகிறோம் என்ற மூன்றும் பொருந்தினால் பேட்டரி படகு நன்றாகக் கட்டுப்படியாகும். மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் பணம் போட அவசரப்பட வேண்டாம். முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகும் பைபர் படகுக்கு இது இப்போதைக்கு ஆகாது. ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

தண்ணீரில் வேகத்தின் விலை

பம்பு செட் வாங்கும்போது கிணற்று ஆழத்தையும் தேவைப்படும் தண்ணீரையும் கணக்குப் போட்டுத்தான் எச்.பி. முடிவு செய்கிறோம். படகில் மட்டும் பலர் 'எத்தனை எச்.பி. மோட்டார் போடலாம்' என்றே தொடங்குகிறார்கள். முதலில் கேட்கவேண்டியது எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் என்பதுதான்.

தண்ணீரில் வேகத்தை 2 மடங்கு ஆக்கவேண்டும் என்றால் மோட்டாரின் திறன் ஏறக்குறைய 8 மடங்கு வேண்டும். அதே தூரத்தைப் பாதி நேரத்தில் கடந்துவிடுவோம் என்றாலும் செலவாகும் மின்சாரம் 4 மடங்கு ஆகிவிடும். இன்னொரு வரம்பும் உண்டு. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் சாதாரணப் படகுக்கு அதன் நீளமே ஒரு வேக எல்லையைக் கட்டிவிடுகிறது. தண்ணீரைத் தொடும் நீளம் 12 அடி உள்ள படகுக்கு அந்த எல்லை மணிக்கு சுமார் 8.5 கிலோமீட்டர். அதற்கு மேல் எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும், பின்னால் அலை எழும்புமே தவிர வேகம் பெரிதாக ஏறாது.

14 அடி நீளமுள்ள, சுமையோடு 300 கிலோ சொச்சம் எடையுள்ள படகு காற்றில்லாத தண்ணீரில் மணிக்கு 5 கிலோமீட்டர் போக பேட்டரியிலிருந்து சுமார் 300 வாட் எடுக்கும். மணிக்கு 7 கிலோமீட்டர் என்றால் 800 வாட்டைத் தாண்டும். படகின் வடிவத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் திட்டம் போட இது போதும்.

முதலில் காகிதமும் பேனாவும்

1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இது எல்லோருக்கும் தெரிந்தது. பேட்டரிக்கும் அதே கணக்குதான். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் என்று எழுதியிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். 1,200 வாட்-மணி, அதாவது 1.2 யூனிட். ஆனால் ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே கைக்குக் கிடைப்பது 0.6 யூனிட்தான்.

குட்டைக் கணக்கு: இரண்டரை ஏக்கர் என்பது 1 ஹெக்டேர். 100 மீட்டருக்கு 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை தீவனம் வீச அரை மணி நேரம், நாளைக்கு 4 முறை, மொத்தம் 2 மணி நேரம். மெதுவாக ஊர்ந்து போவதால் சராசரி 200 வாட் போதும். 200 வாட்டை 2 மணி நேரத்தால் பெருக்கினால் 0.4 யூனிட். மேலே சொன்ன ஒரே ஒரு பேட்டரி ஒரு நாள் முழுவதும் தாங்கும். இரவில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

ஏரிக் கணக்கு: வலை போடும் இடம் 3 கிலோமீட்டர் தூரம். போய்வர 6 கிலோமீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் 1 மணி 12 நிமிடம், 300 வாட் வீதம் 0.36 யூனிட் ஆகும். இதே தூரத்தை 7 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 0.7 யூனிட். போய்ச் சேர மிச்சமாவது 20 நிமிடம். அதற்குக் கொடுக்கும் விலை இன்னொரு பேட்டரி.

ஏரியில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். காலையில் அமைதியாக இருக்கும் தண்ணீர் பிற்பகலில் கடல்காற்று எழுந்ததும் மாறிவிடும். மேற்குக் கரை ஊர்க்காரர் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும். கிழக்குப் பக்கத்து மணல்திட்டு ஊர்க்காரர் திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். எதிர்க்காற்றில் மின்சாரச் செலவு 2 மடங்கு ஆவது சாதாரணம். ஆகவே ஏரியில் ஓட்டுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு விதியைக் கைக்கொள்ள வேண்டும். பேட்டரியில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு. எந்த நிலையிலும் துடுப்பும் கழியும் படகில் இருக்கட்டும்.

பெட்ரோலோடு ஒப்பிட்டால்

சிறிய பெட்ரோல் எஞ்சின் மெதுவாக ஓடினாலும் மணிக்கு அரை லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 2 மணி நேரத்துக்கு 1 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று போடுங்கள். பேட்டரிக்கு 0.4 யூனிட் வேலை. சார்ஜ் ஏற்றுவதில் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 0.55 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 5 ரூபாய்க்குள் முடிந்துவிடும். நாளைக்கு 95 ரூபாய் மிச்சம். 120 நாள் வளர்ப்புக்கு 11,400 ரூபாய். வருடம் 2 முறை வளர்க்கிறவருக்கு 22,800 ரூபாய். மோட்டார், பேட்டரி, சார்ஜர் ஆகியவற்றுக்குக் கடையில் சொல்லும் விலையை இந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்பது தெரிந்துவிடும். ஈய-அமில பேட்டரியை 2, 3 வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டி வரும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கழி ஊன்றித் தள்ளுகிறவருக்கு ரூபாய்க் கணக்கில் லாபம் வராது, இடுப்புக் கணக்கில் வரும். அதையும் குறைவாக எடைபோட வேண்டாம்.

கடலுக்குப் போகும் படகுக்கு ஏன் ஆகாது? ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் அளவுக்குச் சக்தி அடங்கியிருக்கிறது. சிறிய எஞ்சின் அதில் ஆறில் ஒரு பங்கைத்தான் புரொப்பல்லருக்குக் கொடுக்கிறது, மற்றது சூடாகப் போய்விடுகிறது. அப்படியும் அந்த ஒரு லிட்டர் செய்யும் வேலையைச் செய்ய 100 ஆம்பியர்-ஹவர் ஈய பேட்டரி 3 வேண்டும். எடை சுமார் 90 கிலோ. 10 எச்.பி. எஞ்சினோடு 15, 20 லிட்டர் எடுத்துக்கொண்டு அலையை எதிர்த்துப் போகிறவர் எத்தனை பேட்டரி ஏற்றவேண்டும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். யாராவது 'கடலுக்கும் போகலாம்' என்று சொல்லி விற்க வந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வைக்கம் படகு சொல்லும் பாடம்

மின்சாரப் படகு புதிய சங்கதி அல்ல. ரஷ்யாவில் யாக்கோபி என்ற விஞ்ஞானி 1830-களின் கடைசியிலேயே பேட்டரி மோட்டார் வைத்த படகை நேவா ஆற்றில் ஓட்டிக் காட்டினார். 1881-ல் பாரீஸில் குஸ்தாவ் துரூவே என்பவர் படகின் பின்னால் கழற்றி மாட்டும் மின்மோட்டாரை வைத்து சேன் ஆற்றில் ஓட்டினார். இன்று நாம் பார்க்கும் அவுட்போர்டு மோட்டாருக்கு அதுவே முன்னோடி. அதன் பிறகு பெட்ரோல் எஞ்சின் வந்து எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

நம் பக்கத்து மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை 2017 ஜனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 'ஆதித்யா' என்ற சூரிய மின்சாரப் பயணிகள் படகை ஓட்டத் தொடங்கியது. நாட்டின் முதல் சூரிய மின்சாரப் பயணிகள் படகு அதுதான். 75 பேர் உட்காரலாம். கொச்சியைச் சேர்ந்த நவால்ட் நிறுவனம் கட்டியது. கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடுகள், கீழே 20 கிலோவாட் மோட்டார் இரண்டு, 50 யூனிட் அளவுக்கு லித்தியம் பேட்டரி. இரண்டு மெல்லிய அடிப்பகுதிகளை மேல்தளத்தால் இணைத்த கட்டுமர வடிவம். உலகம் முழுக்க இந்த வடிவத்துக்குச் சொல்லும் 'கேட்டமரான்' என்ற பெயரே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். துரூவே பெயரில் வழங்கப்படும் மின்சாரப் படகு விருதும் 2020-ல் இதற்குக் கிடைத்தது.

இந்தப் படகு ஏன் வெற்றி பெற்றது? தூரம் சுமார் 3 கிலோமீட்டர்தான். வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் அளவுதான். தினமும் அதே துறை, அதே பாதை, அங்கேயே சார்ஜ் வசதி. அடிப்பகுதி எடை குறைவு. நான் தொடக்கத்தில் சொன்ன மூன்று நிபந்தனைகளும் அங்கே அப்படியே பொருந்துகின்றன. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவும் குறுகிய தூரம், நிலையான துறை, துறையிலேயே சார்ஜ் என்ற அதே வழியில்தான் நடக்கிறது. நம் குட்டைக்கும் ஏரிக்கும் அளவு சிறியது, பாடம் அதேதான்.

படகு: தைத்து ஒட்டும் முறை

பழைய பைபர் படகு நல்ல நிலையில் கிடைத்தால் அதிலேயே மோட்டாரை மாட்டலாம். ஆனால் கடலுக்கான கனமான படகைக் குட்டைக்குள் ஓட்டினால் பேட்டரி வீணாகும். புதிதாகச் செய்வதானால் பலகைகளைத் தைத்து ஒட்டும் முறை எளிது.

தைப்பது என்றதும் வியப்படைய வேண்டாம். துறைமுகம் கட்டுவதற்கு முன்பு சென்னையில் கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னை நார்க் கயிற்றால் தைத்தார்கள். அலையில் மோதும்போது படகு வளைந்துகொடுக்கும், உடையாது. இன்றைய முறையில் கயிற்றுக்குப் பதில் செம்புக் கம்பி, நாருக்குப் பதில் எபாக்சியும் கண்ணாடி இழை நாடாவும். வேறுபாடு என்னவென்றால், இந்தப் படகு இறுகி ஒரே துண்டாகிவிடும்.

14 அடி நீளம், மேல் அகலம் நாலரை அடி, தட்டையான அடி, பக்க உயரம் ஒன்றரை அடி என்று அளவு வையுங்கள். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் 8-க்கு 4 அடியில் அடிக்கு 9 மி.மீ. பலகை 2, பக்கங்களுக்கு 6 மி.மீ. பலகை 3 வேண்டும். முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். சாதாரண பிளைவுட் ஒரு மழைக்காலத்தில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

பலகைகளை இணைத்து அளவுக்கு வெட்டியபின் ஓரங்களில் 15 செ.மீ. இடைவெளியில் துளை போட்டு, செம்புக் கம்பியால் முறுக்கிக் கட்டினால் படகு உருவம் வந்துவிடும். மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்து கோணல் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு உள் மூட்டுகளில் எபாக்சியோடு நைசான மரத்தூள் கலந்த பசையைப் பூசி, மேலே 3 அங்குலக் கண்ணாடி இழை நாடாவை 2 அடுக்கு ஒட்டவேண்டும். இறுகியதும் கம்பியை வெட்டியெடுத்து, வெளிமூட்டிலும் நாடா ஒட்டலாம். பைபர் படகுக்காரர்கள் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசின் விலை குறைவு, ஆனால் மரத்தைப் பிடிக்கும் பலம் எபாக்சிக்குத்தான் அதிகம். நம் ஊர் வெயிலில் எபாக்சி சீக்கிரம் சூடேறி இறுகிவிடும். காலை நேரத்தில், அகலமான தட்டில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கையுறை கட்டாயம்.

வெறும் படகின் எடை 80 முதல் 90 கிலோ வரும். தண்ணீரைத் தொடும் அடிப்பரப்பு சுமார் 30 சதுர அடி என்பதால், ஒவ்வொரு 28 கிலோவுக்கும் படகு 1 செ.மீ. அமிழும். படகு 90 கிலோ, 2 ஆள் 130 கிலோ, 25 கிலோ தீவன மூட்டை 2, பேட்டரியும் மோட்டாரும் 40 கிலோ, சில்லறைச் சாமான் 10 கிலோ. மொத்தம் 320 கிலோ. அமிழ்வது 12 செ.மீ.க்குள்தான். ஆழம் குறைந்த பழவேற்காடு ஏரிக்கும் இது ஏற்றது.

இருக்கைகளுக்கு அடியில் மிதவை வைக்க மறக்கவேண்டாம். ஒரு லிட்டர் காற்றிடம் ஏறக்குறைய 1 கிலோவைத் தாங்கும். மூடி இறுக்கி அடைத்த 20 லிட்டர் கேன்கள் 7 அல்லது 8-ஐ அசையாமல் கட்டிவைத்தால், படகில் தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காது.

மோட்டார், பேட்டரி, ஒயர்

தூண்டில்காரர்களுக்காக விற்கும் 12 வோல்ட் டிரோலிங் மோட்டார் குட்டைக்கு மிகப் பொருத்தம். 55 பவுண்டு தள்ளுவிசை என்று குறித்திருப்பது முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர், அதாவது 600 வாட் எடுக்கும். மோட்டார் தண்ணீருக்குள் இருப்பதால் சூடாகாது. தண்டை மேலே தூக்கும் வசதி இருக்கவேண்டும். உப்புத் தண்ணீருக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். ஏரிக்கு 1 கிலோவாட்டுக்கு மேல் தேவைப்பட்டால் 24 அல்லது 48 வோல்ட்டுக்குப் போய்விடுங்கள்.

பேட்டரியில் இரண்டு வழி. இன்வெர்ட்டருக்குப் போடும் ட்யூபுலர் ஈய பேட்டரி விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் எடை அதிகம், கவிழ்ந்தால் அமிலம் சிந்தும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி விலை கூடுதல். அதே 100 ஆம்பியர்-ஹவருக்கு எடை பாதிக்கும் குறைவு, 80 சதவீதம் வரை இறக்கலாம், பல மடங்கு நாள் உழைக்கும். உள்ளே பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புப் பலகை இருக்கிறதா, அது மோட்டாரின் முழு ஆம்பியரைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். கார் ஸ்டார்ட் செய்யும் பேட்டரி வேண்டாம். அது சில நொடி வேலைக்கானது.

மெல்லிய ஒயர் போடுவதுதான் பலர் பணத்தைத் தண்ணீரில் விடும் இடம். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 3 மீட்டர் தூரம், போகவர 6 மீட்டர் ஒயர். 6 சதுர மி.மீ. ஒயரில் 50 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட்டில் அது 7 சதவீதம். 16 சதுர மி.மீ. போட்டால் 0.3 வோல்ட்தான் இழப்பு. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஃபியூஸ் இல்லாமல் ஒயர் உரசினால் படகு தீப்பிடிக்கும். பேட்டரியை மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, படகின் நடுவில், அடியோடு பட்டை போட்டுக் கட்டுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒயர் முனைகளுக்கு லக் அழுத்துவதை அவர்கள் கையில் கொடுங்கள்.

உப்பும் பாசியும்

பழவேற்காடு ஏரியின் உப்பு வருடம் முழுவதும் ஒன்றாக இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கியும் நல்ல தண்ணீர் கொண்டுவந்து உப்பைக் குறைக்கும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் உப்பு ஏறிவிடும். அந்த மாதங்களில்தான் செம்பும் அலுமினியமும் வேகமாக அரிக்கும். தினமும் வேலை முடிந்ததும் மோட்டாரைத் தூக்கி, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். முனைகளில் வேசலின் தடவுங்கள். மோட்டாரில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டி, தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பாற்றுவது. பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

வாரம் ஒருமுறை புரொப்பல்லரைக் கழற்றி, தண்டில் சுற்றியிருக்கும் நைலான் நூலை எடுங்கள். அது உள்ளே போய் எண்ணெய் சீலை அறுத்தால் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கும். இறால் குட்டையில் புரொப்பல்லர் அடியைக் கிளறக்கூடாது. அடியில் படிந்த கருஞ்சேறு கலங்கினால் நச்சு வாயு வெளிப்பட்டு இறால் சோர்ந்துவிடும். மோட்டாரை மேலாக வைத்து, மெதுவாக ஓட்டுங்கள். ஏரேட்டர் கட்டிய கயிறும் ஒயரும் போகும் பாதையில் கம்பு நட்டு அடையாளம் வையுங்கள்.

உயிர் முக்கியம்

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சத்தமில்லாத புதுப் படகு என்றதும் உறவினரும் பிள்ளைகளும் ஏறிப்பார்க்க ஆசைப்படுவார்கள். இரண்டு பேர், இரண்டு மூட்டை என்று கணக்குப் போட்ட படகில் அதற்கு மேல் ஏற்றாதீர்கள். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு உடை வேண்டும். குட்டைதானே, இடுப்பளவு தண்ணீர்தானே என்று அலட்சியம் வேண்டாம்.

230 வோல்ட் கரண்டு எந்தக் காரணத்துக்காகவும் படகுக்குள் வரக்கூடாது. பேட்டரியைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோய், கூரைக்கு அடியில், காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் போடுங்கள். அந்த இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும். விவசாய இலவச மின் இணைப்பு பம்பு செட்டுக்குக் கொடுத்தது. அதில் பேட்டரி சார்ஜ் போடுவது விதிமீறல். 5 ரூபாய் மின்சாரத்துக்காக இணைப்பை இழக்காதீர்கள்.

சொந்தக் குட்டைக்குள் சொந்த வேலைக்கு ஓட்டுவது ஒன்று, ஏரியில் ஓட்டுவது வேறு. ஏரியில் இறக்குமுன் மீன்வளத் துறை அலுவலகத்தில் பதிவு பற்றிக் கேளுங்கள். பறவைகள் சரணாலயப் பகுதிக்கு வனத்துறையின் கட்டுப்பாடு உண்டு. ஊர் மீனவர்களின் பாடு முறைக்கும் மதிப்புக் கொடுக்கவேண்டும். காசு வாங்கி ஆள் ஏற்றுவது இந்தப் படகின் வேலையே அல்ல.

வாசகர் கேள்விகள்

*படகின் மேலேயே சூரியத் தகடு வைத்துக்கொண்டால் சார்ஜ் தொல்லை இல்லையே?*

330 வாட் தகடு ஒன்று சுமார் 6 அடிக்கு 3 அடி அளவு, 20 கிலோவுக்கு மேல் எடை. 14 அடிப் படகில் கூரையாக நிறுத்தினால் காற்று பிடித்து ஆட்டும், கவிழும் ஆபத்து கூடும். அதே தகட்டைக் கரையில் மோட்டார் கொட்டகை மேல் வையுங்கள். நல்ல வெயிலில் நாளைக்கு 1.3 யூனிட் வரை தரும். குட்டைக்குத் தேவையான 0.4 யூனிட்டுக்கு இது தாராளம். பேட்டரி 2 வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

*பழைய இ-ரிக்‌ஷா மோட்டாரைப் பொருத்தலாமா?*

செய்கிறார்கள். ஆனால் அந்த மோட்டார் வேகமாகச் சுற்றுவது. நேராகச் சின்ன புரொப்பல்லரை மாட்டினால் தண்ணீரை அடித்து நுரையாக்குமே தவிர தள்ளாது. பெல்ட் அல்லது கியர் வைத்துச் சுற்றைக் குறைத்து, பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுற்றவைக்க வேண்டும். மோட்டாரும் கன்ட்ரோலரும் நனையாமல் காப்பது இன்னொரு வேலை. கை தேர்ந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் மட்டும் முயலுங்கள்.

*அரை ஏக்கர் பண்ணைக்குட்டையில் கெண்டை மீன் வளர்க்கிறேன். எனக்குத் தேவையா?*

தேவையில்லை. கரையில் நின்றே தீவனம் வீசலாம். அறுவடைக்கு மிதவை போதும். அந்தப் பணத்தை நல்ல குஞ்சுக்கும் தீவனத்துக்கும் போடுங்கள்.

*பேட்டரி நடு ஏரியில் தீர்ந்துபோனால்?*

தீராமல் பார்ப்பதே வழி. 500 ரூபாய்க்குள் கிடைக்கும் வோல்ட் மீட்டரைப் பொருத்துங்கள். ஈய பேட்டரி ஓய்வாக இருக்கும்போது 12.2 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்தது என்று அர்த்தம். அப்போதே திரும்புங்கள். மீறித் தீர்ந்தால் துடுப்பும் கழியும் இருக்கிறது. லேசான படகு என்பதால் ஓர் ஆளே தள்ளிக் கொண்டுவரலாம்.

*யாரிடம் ஆலோசனை கேட்கலாம்?*

குட்டை, தீவனம், தண்ணீர்த் தரம் பற்றிப் பொன்னேரியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். படகு கட்டுவதற்குப் பழவேற்காட்டில் பைபர் படகு பழுதுபார்க்கும் தச்சர்களைப் பாருங்கள். எங்கே தண்ணீர் ஒழுகும், எங்கே உடையும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி கேட்ட இறால் குட்டை வாசகருக்குக் கடைசியாக ஒன்று. உங்களுக்கு மூன்று நிபந்தனையும் பொருந்துகிறது, தாராளமாகச் செய்யலாம். ஆனால் பலகை வாங்கும் முன் ஒரு வாரம் கையில் கடிகாரத்தோடு, ஒவ்வொரு முறை தீவனம் போட எத்தனை நிமிடம் ஆகிறது என்று நோட்டில் எழுதுங்கள். எந்த பேட்டரி, எந்த மோட்டார் என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும்.